ஒரே வாய் இரண்டு முறை வந்தது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில். அதன் ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். தீப்புண், நசுங்கிய விரல், கண்ணில் தூசி என்று பார்த்த கேஸ்களுக்குக் கணக்கில்லை. ஆனால் எதில் பெருமை என்று கேட்டால், ஒரு வெள்ளிப் பல்லின் கதையைத்தான் சொல்வேன்.

அந்த வருடம் மெடிக்கல் செக்கப்போடு வாய்ப் பரிசோதனையும் சேர்த்தோம். மில்லில் பாதிப் பேர் மாவா போடுகிறவர்கள். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிய அந்த உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஃபர்னஸ் பக்கத்தில் களைப்பு தெரியாது என்பார்கள். வாய்ப் புற்றுநோயை விலைக்கு வாங்குகிற வேலை அது. சொன்னால் யார் கேட்கிறார்கள்!

சாப்பாட்டுக்குப் பிறகு ஏழுமலை என்று கூப்பிட்டேன். ஒருவர் வந்து வாயைத் திறந்தார். டார்ச் அடித்தேன். மேல் வரிசையில் வெள்ளிப் பல். இத்தனை காண்ட்ராக்ட் ஆட்களில் முகம் எனக்கு நிற்காது, பல் நிற்கும்.

"இன்னாப்பா, இந்த வாயைக் காலையிலயே பாத்தேனே?"

ஆள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "கோச்சுக்காதீங்க சிஸ்டர். நான் முனுசாமி. ஏழுமலைக்கு வாயே சரியா தொறக்கல. காரம் பட்டா எரியுதுன்னு ஆறு மாசமா தயிர் சோறே துன்னுக்கினு கீறான். அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா காண்ட்ராக்டர் நாளைக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது அவனுக்கு."

முதலில் முனுசாமி மேல் கோபம் வந்தது. பிறகு என் மேலேயே வந்தது. செக்கப் ரெஜிஸ்டரின் நகலை வருடா வருடம் காண்ட்ராக்டருக்கு அனுப்பியது நான்தானே?

நேராக ஹெச்.ஆர். மேனேஜரிடம் போனேன். "வாய் ரிசல்ட் காண்ட்ராக்டருக்குப் போகக் கூடாது சார்."

"எப்பவும் அனுப்புறதுதானே சிஸ்டர்?"

"அப்போ அடுத்த வருஷம் நல்ல வாயா பாத்து வாடகைக்கு எடுத்துக்கினு வருவாங்க. நீங்க ஃபிட்டுன்னு சைன் போட்டுக்கினே இருங்க."

அவர் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட் உங்க அலமாரியிலயே இருக்கட்டும். ட்ரீட்மென்ட்டுக்குப் போறவங்கள வேலைய வுட்டு நிறுத்தக் கூடாதுன்னு காண்ட்ராக்டருக்கு எழுதிடறேன்" என்றார். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

மறுநாள் முனுசாமி கையில் கொடுத்தனுப்பிய அந்த நகலைப் பார்த்த பிறகே ஏழுமலை வந்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டே விரல் நுழைந்தது. உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டு. சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே ரயிலில் கூட்டிப்போனேன். சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது.

"புற்றுநோய் இல்லை, ஆனா விட்டிருந்தா மாறியிருக்கும்" என்றார் டாக்டர். திட்டை வெட்டி எடுத்தார்கள். ஏழுமலை மாவாவைத் தலைமுழுகினார். வாய் பழையபடி முழுதாகத் திறக்கவில்லை. பயிற்சி செய்கிறார், தவறாமல் செக்கப்புக்குப் போகிறார்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திட்டைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். வாயைத் திற என்று சொல்வதற்கு முன்னால், திறந்தால் வேலை போகாது என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த வருட செக்கப்பில் வரிசையின் முதல் ஆள் ஏழுமலை. அவர் பின்னால், அவரே இழுத்து வந்த ஏழெட்டு மாவாக்காரர்கள்.

"டார்ச் அடிங்க சிஸ்டர். இந்த வாட்டி என் வாயையே கொண்டாந்துகீறேன்."

ரூமே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்து, டார்ச்சின் ஸ்விட்ச்சைத் தேட வேண்டியிருந்தது.