பொட்டு வைத்த பிரிட்ஜ்

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்... இன்ஜினீயரிங் படித்த கோளாறு.

1. போன செவ்வாய்க்கிழமை, நான் கடலூரில் வேலையில் இருந்தபோது, சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ‘குட்டி யானை’ வேன் வந்து நின்றது.
2. அதிலிருந்து இரண்டு கதவு வைத்த புது பிரிட்ஜ் இறங்கியது.
3. அதை எங்கள் வீட்டில் யாரும் வாங்கவில்லை.
4. அம்மா அதற்கு மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார். பக்கத்தில் அண்ணன் கும்பிட்டபடி நின்றான்.
5. பிரிட்ஜைக் கொண்டு வந்தவர் அந்தக் காட்சியைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.
6. சாயங்காலம் நான் வந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

“யாருண்ணே அனுப்புனது?”

“நம்ம கடைக்கு சரக்கு வருதுல்ல, அதுல ஒரு கம்பெனி ரெப்பு. நல்ல மாதிரி. என்னை மச்சான்னுதான் கூப்புடுவாரு.”

அண்ணன் கெமிஸ்ட்ரி பட்டதாரி. கீரப்பாளையம் பக்கம் ஓர் அரசு மதுக்கடையில் சூப்பர்வைசர். எந்தச் சரக்கு வேண்டும் என்று குடோனுக்குக் கேட்டு எழுதுவதும், வந்ததை அடுக்குவதும் அவன் பொறுப்பு. வீட்டில் நிரந்தரமாக வருகிற சம்பளம் அவனுடையதுதான். என் கம்பெனி எந்த மாதம் தரும், எந்த மாதம் தராது என்பது அவர்களுக்கே தெரியாது.

“எதுக்குக் குடுத்தாராம்?”

“சும்மாதான். அவுங்க பிராந்திய முன்னாடி வைக்கணும். வேற பேரு சொல்லிக் கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம்!

நம் ஊரில் பாட்டில் தயாரிக்கிற கம்பெனி, கடைக்கு நேராக விற்க முடியாது. அரசு வாங்கும், குடோனில் வைக்கும், கடைக்கு அனுப்பும். கடையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி எதையும் கொடுக்கக் கூடாது. அவர்களும் வாங்கக் கூடாது. ஏன் இந்த இடைவெளி? தயாரிப்பவன் கை உள்ளே நீண்டுவிட்டால் கடை அவனுடையதாகிவிடும். பிரஷரைக் குறைக்க பைப் லைனில் ஒரு வால்வு போடுவோம். இந்தச் சட்டமும் அந்த வால்வு மாதிரிதான் — சரக்கு போகலாம், அழுத்தம் போகக் கூடாது.

கடைக்குள் நுழைய முடியாததால்தான் பிரிட்ஜ் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

“சாராயக் கடையில வேலை பாக்குறவன் வீட்டுல உக்காந்து சட்டம் பேசுறியா?” என்றான் அண்ணன்.

பேசுவேன். குடிக்காதே என்று ஊரே ஒருவனுக்குப் புத்தி சொல்கிறது. அவன் எதைக் குடிக்கிறான் என்பதை எங்கள் வீட்டு பிரிட்ஜ் முடிவு செய்யுமா?

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். வெயில் காலத்தில் காலையில் அரைத்த மாவு மதியமே பொங்கிப் புளித்துவிடுகிற வீடு இது. தீபாவளிக்குத் தீபாவளி “வாங்கிடலாம்மா” என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த பிரிட்ஜ்.

“பொட்டு வச்சு சூடம் காட்டியாச்சு. வூட்டுக்கு வந்த லட்சுமிய எவளாவது வெளிய தள்ளுவாளா?”

“அது லட்சுமி இல்லம்மா. கம்பெனி.”

“ஒனக்கு எல்லாம் வெளையாட்டு!”

சட்டத்தை எதிர்த்து வாதாடலாம். பொட்டை எதிர்த்து எப்படி வாதாடுவது? ரெப்பின் நம்பரை அண்ணனிடம் வாங்கி நானே போன் செய்து, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

“சிஸ்டர், இது கம்பெனி குடுக்கல. ஒரு மகனா, அம்மாவுக்குக் குடுக்குறேன். அவ்ளோதான்.”

“அப்போ பிராந்திய எங்க வேணா வைக்கலாம்ல?”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“மச்சான், திருப்பிக் குடுக்குறது ஒங்க இஷ்டம். ஆனா போட்டோ எங்கிட்ட இருக்கு. மேல போச்சுன்னா ஒங்களுக்கு வேலை இருக்காது.”

“குடுத்தது யாருன்னு கேப்பாங்களே?” என்றேன்.

“படத்துல நான் இல்லையே சிஸ்டர். அம்மாவும் மச்சானும்தான இருக்காங்க.”

என்னிடம் பதில் இருந்தது — நான்கு பாயிண்ட். சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்தார்.

பிரிட்ஜின் முன்னால் போய் நின்றார். முந்தானையை நனைத்து மேல் கதவுப் பொட்டைத் துடைத்தார். கீழ்க் கதவுப் பொட்டைத் துடைத்தார். மஞ்சள் சுலபத்தில் போகவில்லை, அழுத்தித் தேய்த்தார்.

“இப்ப எடுத்துட்டுப் போப்பா.”

“அம்மா, பின்னாடி வருத்தப்படுவீங்க...”

“அந்த போட்டோல எம் மூஞ்சி நல்லா வுழுந்திருக்கா? யாரு வேணா பாக்கட்டும். இவன் வேலை போனா இட்லிக் கடை போடுவேன். மாவு புளிச்சா தோச சுடுவேன். நீ வண்டியக் கூப்புடு.”

வண்டி வந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. “என்ன, பிரிட்ஜ் ரிப்பேரா?” என்று எதிர்வீட்டு மாமா கேட்டார்.

“இல்ல மாமா, நல்லா ஓடுது. அதான் அனுப்புறோம்,” என்றேன்.

வியாழக்கிழமை காலை என் பஸ்ஸிலேயே அண்ணனும் கடலூர் வந்தான். கடலூர் நெருங்கியதும், “போட்டோ போறதுக்கு முன்னாடி நான் போயிடுறேன்,” என்றான். மாவட்ட ஆபீசில் மேலதிகாரியிடம் நேரில் போய்ச் சொன்னான் — யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, ஒரு நாள் வீட்டில் இருந்தது, திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும். அதிகாரி கேட்டாராம்: “இதையெல்லாம் எவனாவது வந்து சொல்லுவானாய்யா?”

சொல்லியிருக்கிறான், சார். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தியை எழுதும்போது நிலவரம் இதுதான். அண்ணனிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை நிற்குமா என்று தெரியாது. இன்று கடையை அவன்தான் திறந்தான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தான். அந்த ரெப்பின் பிராந்தியும் அலமாரியில் இருக்கிறது — மற்றவற்றோடு, அதன் இடத்தில். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை.