பார்க்கலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் நடந்த ஆலோசனை

கோட்டாற்றுக்கு வெளியே, அறுப்பு முடிந்த வயலில் பேசும் படக் கொட்டகை போட்டார்கள். முழுக்கச் சிரிப்புப் படம் என்று மாட்டுவண்டியில் செண்டை கொட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். நானும் தங்கையும் சந்தை வரை வண்டியின் பின்னால் ஓடி ஒரு நோட்டீஸ் பிடித்து வந்தோம்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிரித்துப் பேசுகிறவர் அல்ல. நோட்டீஸில் ஒரு பெண் புருஷனைத் துடைப்பத்தோடு துரத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும், "இது பெரியவங்களுக்கு உள்ளது. பிள்ளைகளுக்குக் கொள்ளாது" என்றார்.

"பாக்காம எப்படிச் சொல்லுகியோ? நாம ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம். கொள்ளாம், நல்ல படம்தான்னா இதுகளைக் கூட்டிட்டுப் போலாம்" என்றாள் அம்மா.

எங்களைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மையிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். மறுநாள் காலையில் தோசைக் கல்லின் முன்னால் உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"வேண்டாம்" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தோசை கருகியது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று அதட்டிவிட்டு அப்பா குளிக்கப் போனார். கிணற்றடியில் அவர் தனியாகச் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

தங்கை ஓடிப்போய், "அப்பா, பாக்கப்பிடாதது எதுன்னு சொன்னா, அப்ப மட்டும் கண்ணை மூடிக்கிடுவோம்" என்றாள்.

அதைச் சொல்லத்தான் அப்பா தொடங்கினார். பெண்டாட்டிக்குப் பயந்த ஒருவன் மோர்க்காரி வேஷத்தில் தன் வீட்டுக்குள்ளேயே நுழைகிறான். சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த அம்மாவின் புடவையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "மோரு வேணுமாம்மா?" என்று குரலைக் குழைத்தார்.

"அப்படி இல்ல, அவன் நொண்டிக்கிட்டுல்லா வந்தான்" என்று அம்மா தோசைச் சட்டுவத்தோடு வந்து துரத்தினாள். கிணற்றைச் சுற்றி இருவரும் ஓடினார்கள். நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம்.

மதிலுக்கு மேலே பெரியம்மையின் தலை தெரிந்தது. "வாத்தியாரே, என்ன ஆச்சு?"

அப்பா புடவையை எடுக்காமலே சொன்னார்: "ஒண்ணுமில்ல. பிள்ளைகள் இந்தப் படத்தைப் பாக்கலாமா வேண்டாமான்னு ஆலோசிச்சிட்டிருக்கோம்."

கடைசியில் ஒரு கள்ளுக்கடைப் பாட்டு மட்டும்தான் கொள்ளாது என்று முடிவாயிற்று. அன்று மாலையே நால்வரும் போய்க் கொட்டகைக்குள் பரப்பிய மணலில் உட்கார்ந்தோம். பாட்டு வந்ததும் அப்பா உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினார். அம்மா தங்கையின் கண்ணைப் பொத்தினாள். பாட்டு நல்ல பாட்டு. இரண்டாவது அடியிலேயே அப்பாவின் விரல்கள் என் நெற்றியில் தாளம் போடத் தொடங்கின. ஒவ்வொரு தட்டுக்கும் விரல்கள் விலகின. குடிகாரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிவதை முழுவதும் பார்த்தேன்.

"கண்ணை மூடியிருந்தியா?" என்று வழியில் அம்மா கேட்டாள்.

"அப்பா மூடித்தான் இருந்தாங்க" என்றேன். அப்பா அந்தப் பாட்டை மெல்ல முனகிக்கொண்டு முன்னால் நடந்தார்.