கரைமேட்டின் வாசலில்

செய்தி வந்தபோது நான் தேர்வறை மேற்பார்வையில் இருந்தேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் லூர்துமேரி இறந்த பிறகு ஒரு தேர்வு நேரம் முழுவதும் எனக்கு ஒன்றும் தெரியாமலே கழிந்தது. வெளியே வந்து பார்த்தால் எங்கள் ஞாயிறு விளையாட்டுத் தோழி சாந்தியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. திருப்பி அழைத்தேன். “மேடம், லூர்துக்கா போயிட்டாங்க,” என்றார். காலையில் வேலைக்குக் கிளம்பியவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. விடைத்தாள் கட்டை இன்னும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நூலை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினேன். ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். அழுகை வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

இதைப் படிக்கும் பலர் லூர்துவைக் குரலாக மட்டுமே அறிந்தவர்கள். சேலத்திலும் ஓசூரிலும் இருந்து இணையம் வழியாக எங்கள் ஞாயிறு விளையாட்டில் சேர்ந்தவர்கள், எங்கள் விண்வெளி உலகத்தை வாங்கிப்போய்த் தங்கள் ஊரில் ஆடுகிறவர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன்: அவர் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். தீர்த்தமலை போகும் வழியில் உள்ள ஓர் ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

நீங்காத இருமலுக்காகப் போன இடத்தில்தான் எனக்கு அவர் அறிமுகம். “மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க,” என்றார். பிடித்தேன். இயந்திரம் ஒலித்து ஓய்ந்தது. “விடலாம்,” என்றார். சற்றுப் பொறுத்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “விடலாம்னு சொல்லிட்டேங்க. இன்னும் புடிச்சிக்கிட்டே நிக்கறீங்க. காலேஜ்ல பாடம் எடுக்கறீங்களா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“ரெண்டாவது தடவ சொன்னாத்தான் நம்புவீங்க.”

அன்று சிரித்ததில் இருமல் அதிகமாகிவிட்டது. படத்தைக் கொடுக்கும்போது, “உள்ள எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கோம் அக்கா. வெளியதான் இவ்ளோ வித்தியாசம்,” என்றார். பிறகு விண்வெளி மனிதர்களைப் படைக்கும்போதெல்லாம் இதையே வேறு வேறு விதமாகச் சொல்வார்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் சாந்தியின் கணவர் வெங்கடேஷ், பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை உருளும். பெங்களூரில் வாங்கிய ஆங்கில விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாந்தி டியூஷன் எடுக்கும் மாடி அறையில் ஞாயிறு பிற்பகல்களில் ஆடத் தொடங்கினோம். நான்தான் லூர்துவை அழைத்துப்போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருவார். முதல் சில வாரங்கள் அவர் அதிகம் பேசவில்லை. பேரரசர்கள் விண்கலங்களில் போரிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் கேட்டார்: “சார், இவ்ளோ பெரிய கப்பலு. யாரு கூட்டிப் பெருக்கறது?”

“அதெல்லாம் புத்தகத்துல இல்லீங்க,” என்றார் வெங்கடேஷ்.

“அப்ப புத்தகம் எழுதனவரு பெருக்கனதில்ல.”

அன்றுதான் எங்களுக்கென்று ஓர் உலகத்தை உருவாக்க முடிவு செய்தோம். மங்கலான ஒரு சூரியன், அதைச் சுற்றி மனிதர்கள் குடியேறிய சிறிய நிலையங்கள். ஆளுக்கு ஒன்றாகப் படைத்தோம். யார் ஓர் இடத்தைப் படைத்தாரோ, அந்த இடத்துக்காக அவர் மட்டுமே பேச வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. அங்கே என்ன நடக்கிறது, யாரை உள்ளே விடுவது, எல்லாம் அவர் சொல்வதுதான். லூர்து படைத்தது கரைமேடு, ஓரத்தில் தனியாக மிதக்கும் ஒரு பனிப்பாறை நிலையம்.

இரண்டாவது விதி ஒரு தவறிலிருந்து வந்தது. நிலையங்களுக்கு இடையே எத்தனை நாள் பயணம் என்ற அட்டவணையை வெங்கடேஷ் எழுதியிருந்தார். சில வாரங்கள் ஆடிய பிறகுதான் சாந்தி அதைக் கவனித்தார். கரைமேட்டுக்குப் போக ஒரு கணக்கு, திரும்பி வர அதைப்போல் இரு மடங்கு.

“ஏங்க, போறதும் வர்றதும் ஒரே தூரந்தானே?”

வெங்கடேஷ் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்குப் பேருந்து இறங்கும் நேரமும், மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறி வரும் நேரமும் அவருடைய கையால் தானாகவே எழுதப்பட்டிருந்தன.

“ஃபிசிக்ஸ் வாத்தியாரு வானத்துல மலைப்பாதை போட்டிருக்காரு!” என்று சாந்தி மேசையைத் தட்டிச் சிரித்தார். “ஹேர்பின் வளைவு எத்தனைன்னு எழுதலீங்களா?”

அவர் ரப்பரை எடுத்தார். லூர்து தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார். “அழிக்காதீங்க சார். இத்தன வாரமா எல்லாரும் இந்தக் கணக்குலதான் போயி வந்திருக்கோம். வழியில ஒரு பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்திருக்கு. இப்ப நாள கொறச்சா அந்தக் கொழந்தை எங்க போகும்? நடந்தத அழிக்காதீங்க. அதுக்கு ஒரு காரணம் கண்டுபுடிங்க.”

அதுவே எங்கள் இரண்டாவது விதி ஆனது. பிற்பகல் முழுவதும் காரணம் தேடினோம். வெங்கடேஷே கண்டுபிடித்தார். போகும்போது கலம் காலி. வரும்போது பாரம், அதே எஞ்சின் மெதுவாகத்தான் தள்ளும். அப்படியானால் கரைமேட்டிலிருந்து எதையோ ஏற்றி வருகிறார்கள். எதை? பனிப்பாறையில் இருப்பது தண்ணீர். அந்த ஒரு பிழையிலிருந்துதான் நீங்கள் இன்று ஆடும் உலகம் முழுவதும் முளைத்தது: தண்ணீர்க் கலங்கள், அவற்றின் மெதுவான திரும்பு பயணம், அந்த நாள்களில் நடக்கும் கல்யாணங்களும் சண்டைகளும்.

கலங்கள் ஏன் வட்டமானவை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் நால்வரும் ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசலில் ஏறியதும் வெங்கடேஷ் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். “சாரு பரிசல தூக்கிட்டுப் போற மாதிரி புடிச்சிருக்காரு,” என்றார் பரிசல்காரர். லூர்து அவரிடம், “அண்ணா, இதுக்கு முன்பக்கம் எதுங்க?” என்று கேட்டார்.

“நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்களோ, அதுதாம்மா.”

திரும்பும்போது பேருந்து மலை ஏறி முடிப்பதற்குள் லூர்து எங்கள் கலங்களுக்கு முன்பக்கத்தை நீக்கிவிட்டிருந்தார்.

அவர் கோபப்பட்டு நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். கதை சூடு பிடிக்க வேண்டும் என்று சாந்தி ஒரு யோசனை சொன்னார். கரைமேட்டுக்காரர்கள் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிவிடட்டும், மற்ற நிலையங்கள் போருக்கு வரட்டும். எனக்கும் அது நல்ல கதையாகவே தோன்றியது. லூர்து பகடையைக் கீழே வைத்தார். “கதவ எத்தன வேணாப் பூட்டிக்கலாம். கொழாய வெளிய வெச்சிரணும்.”

“கதைதானே அக்கா?” என்றார் சாந்தி.

“கதைன்னாலும் நான் பேசற ஊரு அது. என் வாயால தண்ணி இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அன்று முதல் கரைமேட்டின் குழாய்கள் கதவுக்கு வெளியே இருக்கின்றன. யாரும் வந்து பிடித்துக்கொள்ளலாம். உள்ளே போக மட்டும் அனுமதி வேண்டும். இதுவரை யாரும் உள்ளே போனதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று லூர்து எங்களுக்குச் சொன்னதும் இல்லை.

கடைசியாக நாங்கள் ஆடிய ஞாயிறு என் கலம் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது. உடைந்துபோன ஒரு நிலையத்தின் மக்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. பாதிப் பேர் குழந்தைகள். உள்ளே குடியேற அனுமதி கேட்டேன். லூர்து கரைமேட்டின் வாயிற்காவலராகக் குரலை மாற்றிக்கொண்டார். “எத்தன பேரு?” என்றார். சொன்னேன். “கொழந்தைங்க சாப்ட்டாங்களா?” என்றார். அதையும் சொன்னேன். நெடுநேரம் எதையோ யோசித்தார். பிறகு தன் சொந்தக் குரலில், “மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு இருங்க அக்கா, அடுத்த வாரம் சொல்றேன்,” என்று சிரித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாரத்தின் நடுவில்தான் இறந்தார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அவருடைய கணவர் அந்தோணி என்னிடம் வந்தார். “நீங்கதானுங்களா ஞாயித்துக்கெழம அக்கா? உங்க கப்பல வாசல்லயே நிக்க வெச்சிட்டேன்னு வூட்டுக்கு வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னா. உள்ள வுடுவியாடின்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டா.” தரையைப் பார்த்தபடி கேட்டார்: “வுட்டிருப்பாளுங்களா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று வெங்கடேஷ் மெதுவாகக் கேட்டார். “எழுதி வெக்கற ஆளில்லீங்க அவ,” என்றார் அந்தோணி.

இதற்குள் உங்களில் சிலர் எழுதிவிட்டீர்கள். இனி கரைமேட்டுக்காகப் பேசப்போவது யார் என்று ஓசூர்க் குழு கேட்டது. ஒரு விண்கல் மோதி அது கௌரவமாக மறைந்துவிடட்டும் என்றார் ஒருவர். கதவைத் திறந்துவிடுங்கள், லூர்து நிச்சயம் திறந்திருப்பார் என்று பலர். எல்லாமே அன்பினால் சொன்னவை. முதல் விதி இருக்கும்வரை இவற்றில் எதையும் நாங்கள் செய்ய முடியாது. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என் கலத்தில் உள்ளவர்களின் நிலை என்ன? பகடையில் பிறந்த மக்கள்தான். ஆனாலும் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் நான்.

போன ஞாயிறு மூவரும் மாடி அறையில் கூடினோம். லூர்துவின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. வாசலில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்றார் வெங்கடேஷ்.

“செல வெச்சா தொடைக்கறது யாரு?” என்றார் சாந்தி. சொன்ன பிறகுதான் யாருடைய கேள்வி தன் வாயில் வந்தது என்று அவருக்குப் புரிந்தது.

“சரி, நான் ஆடறேன்,” என்று சொல்லிப் பகடையை எடுத்தேன். வாயிற்காவலர் பதில் சொல்லவில்லை. இது நடந்துவிட்டது, அழிக்க முடியாது. குழாய்கள் வெளியே இருக்கின்றன, தண்ணீர் வருகிறது. என் கலத்தைக் கரைமேட்டின் சுவரோடு சேர்த்துக் கட்டினேன். அடுத்து வந்த தண்ணீர்க் கலம் நிறைத்துக்கொள்ளும்வரை பக்கத்தில் நின்றது. சாந்தி அதிலிருந்து இறங்கி ஒரு டீக்கடை போட்டார். வெங்கடேஷ் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார், போவதும் வருவதும் ஏன் ஒரே நேரம் ஆவதில்லை என்று. மாலைக்குள் பத்துப் பதினைந்து கலங்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. யார் பெருக்குவது என்பதற்கும் முறை வைத்தாகிவிட்டது.

ஆகவே எல்லாக் குழுக்களுக்கும் தெரிவிக்கிறேன். கரைமேடு இருக்கிறது. அதன் கதவு மூடியிருக்கிறது, அது திறக்குமா என்பது லூர்துமேரிக்கு மட்டும் தெரியும். அந்த இடத்துக்காக இனி யாரும் பேச மாட்டார்கள். கதவுக்கு வெளியே புதிதாக ஓர் ஊர் இருக்கிறது. போக இடமில்லாதவர்கள் அங்கே வரலாம், அனுமதி கேட்க வேண்டாம். அதைப் படைத்தவள் நான் என்பதால் விதிப்படி அதற்காக நான் பேசுவேன்.

லூர்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடையது. இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.