முத்துலட்சுமிக்கு இரண்டு ஊர் வரி

வருமான வரிப் படிவம் எழுதிக்கொடுக்கும் தொழிலில் தவறு எப்போதும் எதிர்மேசைக்காரர்களுடையதுதான்.

எனக்கு நேர்ந்த அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காகத் துறைமுக வேலை போனது. இரண்டாவது, நான் வளர்த்த சங்கமே என்னை வெளியேற்றியது. மூன்றாவது, நான் எழுதிய துண்டறிக்கைகள் எல்லாம் செயலாளர் பெயரில் அச்சாயின. நான்காவது, இப்போது பபேடானில் தேநீர்க் கடை வாசலில் மேசை போட்டு, பிறர் படிவங்களை நிரப்பிப் பிழைக்கிறேன்; பர்மியர்கள் பெரியவர்களின் பெயருக்கு முன் மரியாதைக்குச் சேர்க்கும் 'ஊ' மட்டும் மிச்சம். படிவம் பார்த்துக் கண் வலித்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

பாதி வருடம் இங்கே

முத்துலட்சுமி வருட நடுவில் தன் தோசைக் கடையைக் கியாக்தானிலிருந்து தின்கன்ஜூனுக்கு மாற்றினார். அரை வருட வரியைப் பழைய ஊரில் கட்டியாயிற்று. மீதியைப் புது ஊரில் கட்டினால் போதும். அடையாள அட்டையிலும் பழைய கோப்பிலும் இருந்தது அவருடைய பர்மியப் பெயர், கின் மியா. சொந்தப் பெயரை ஒளிக்கக் கூடாது என்று சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, புதுப் படிவத்தில் முத்துலட்சுமி என்றே எழுதினேன். அவர் சொன்னது: "பேரு எதுவானாலும் சரிண்ணே, கடை திறந்திருந்தா போதும்."

முழு வருடம் அங்கே

அடுத்த மாதம் இரண்டு கடிதங்கள் வந்தன. கின் மியா மீதி வரியைக் கட்டவில்லை என்றது கியாக்தான். முத்துலட்சுமி முழு வருடத்துக்கும் கட்ட வேண்டும், இல்லையேல் கடைக்குப் பூட்டு என்றது தின்கன்ஜூன். உழைப்பாளி மீதான தாக்குதலைக் கண்டித்து மூன்று பக்க மனுவோடு தின்கன்ஜூன் வரி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மா சூ மனுவைப் புரட்டவே இல்லை. அடையாள அட்டையை வாங்கி, என் படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெரியவரே, ஒரு அம்மாவை ரெண்டு பேராக்கினது நாங்க இல்லையே."

இரண்டு சாட்சிகள்

இருவரும் ஒருவரே என்று எழுதி, சாட்சிகள் முன் வாசித்தால் கோப்பு ஒன்றாகும் என்றார். முத்துலட்சுமியின் பக்கத்துக் கடைக்காரர்கள், வெற்றிலை விற்கும் கோ அவுங்கும் குடை விற்கும் காசிம் பாயும் வந்தார்கள். தவறு யாருடையது என்று படிவத்தில் கேட்டிருந்த கட்டத்தில் என் பேனா நின்றது. தோசைக் கல்லை விட்டு வந்து நின்ற முத்துலட்சுமியைப் பார்த்தேன், எழுதிவிட்டேன். மா சூ வாசிக்க எழுந்ததும் முத்துலட்சுமி என் காதோரம் சொன்னார்: "கடை தப்பிச்சது. இன்னிக்குத் தோசை என் செலவு, தலைவரே."

இத்தனை காலத்தில் நான் எழுதிய தாளொன்று என் பெயரிலேயே, அதுவும் சாட்சிகள் முன் உரக்க வாசிக்கப்பட்டது அன்றுதான்: "தவறாக எழுதியவர், ஊ வீராசாமி."