கிட்டார்காரன் பொண்டாட்டி அழுத காட்சி

கழுகுமலை ரோட்டில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் ஷீலா, சீசன் பாதியிலேயே கடையை இழுத்து மூடப் போகிறாள் என்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு. புருஷன் மறுபடியும் பாட்டுக் கூட்டத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டானாம், அவள் சோறு தண்ணி இல்லாமல் அழுதே கிடக்கிறாளாம். யார் சொன்னது என்று கேட்டால், “சொல்லணுமாக்கும்? படத்துலயே வந்துட்டுல்லா!” என்று செல்போனை நீட்டுகிறார்கள்.

சரி, கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று போனால், ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட பிரவின்ராஜ் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறான். சோறு தண்ணி இல்லாத ஷீலா மூன்றாவது இட்லியைப் பொடியில் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிரவின்ராஜ், ‘இடிதாங்கி’ என்ற ராக் பேண்டில் பாஸ் கிட்டார் வாசித்தவன். ஷில்லாங் முதல் துபாய் வரைக்கும் காலேஜ் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அவன் டூரில் அலைந்த வருடங்களில்தான் ஷீலா, அப்பாவின் படுத்துக் கிடந்த கடையை நிமிர்த்தினாள். பின்னால் கிட்டங்கி கட்டி மூட்டை அடுக்கினாள். நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

“போன் பண்ணுவாக, சாப்டியான்னு கேப்பாக, வச்சிருவாக. அதுக்கு மேல ஒரு புருஷன் என்ன செய்யணும்?” என்பாள். பேண்ட் கலைந்து ஆள் வீட்டோடு வந்து, மத்தியானம் எழுந்து காபி கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குத் தலைவலியே.

அந்த டூர் வருடங்களைப் பற்றி டாகுமெண்டரி எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. கிட்டங்கிக்குள் சிவப்பு மலையாகக் குவிந்திருந்த வத்தலைப் பார்த்ததும் டைரக்டர் சொக்கிப்போனார். ஷீலாவை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

“மேடம், அவர் இல்லாத ராத்திரிகளைப் பத்திச் சொல்லுங்க.”

“தூங்குனேன்.”

“தனிமை வாட்டியிருக்குமே?”

“சீசன்ல இங்கன வந்து பாருங்க. மூச்சு விட இடம் இருக்காது, தனிமை எங்கன வந்து உக்காரும்?”

டைரக்டருக்குச் சலித்துவிட்டது. பேச்சுதான் சரியில்லை, காட்சியாவது அழகாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “முடி லேசாப் பறக்கணும், அந்தப் பெரிய ஃபேனைப் போடுங்க” என்றார். காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பேச்சி, “ஐயா, அதப் போட்றாதீய!” என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். போட்டுவிட்டார்கள்.

வத்தல் நெடி கிளம்பியதில் டைரக்டர் அழுதார். கேமராக்காரர் அழுதார். மைக் பிடித்தவர் விக்கி விக்கி அழுதார். படத்தில் அழுதது ஷீலா மட்டும். பின்னால் வயலின். அந்தக் காட்சி செல்போன் செல்போனாக ஊருக்குள் வந்து சேர்ந்ததும், பழைய பிரிவு இன்றைய பிரிவாகிவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மிளகாய் விளைவிக்கும் திருவேங்கடத்துச் சம்சாரிகள் வத்தல் மூட்டையை ராஜபாளையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மூடப்போகிற கடையில் சரக்கை இறக்கிவிட்டுப் பணத்துக்கு யார் பின்னால் அலைவது? கிட்டங்கி பாதி காலி. இந்தத் தொழிலில் சம்சாரியின் நம்பிக்கை போய்விட்டால் கடையில் மிஞ்சுவது தராசு மட்டும்தான்.

டைரக்டருக்குப் போன் போட்டாள். “அந்த சீன எடுத்துருங்க தம்பி.”

“மேடம், படத்தோட உயிரே அதுதான். வெளிநாட்டுல பார்த்தவங்க எல்லாம் அழுதாங்க.”

“அவங்களுக்கு யாரு ஃபேன் போட்டா?”

போன் கட் ஆகிவிட்டது.

“விடேன் ஷீலா, படம்னா அப்படித்தான்” என்றான் பிரவின்ராஜ்.

“நீங்க பேசாதீய. உங்க படத்துல நான் அழுதாச்சு. இப்ப என் கடைக்கு யாரு அழுவா?”

மறுநாள் திருவேங்கடத்துப் பெரிய சம்சாரி மகாராஜன் வந்தார், ஏற்கெனவே இறக்கிய மூட்டைகளைத் திருப்பி ஏற்றிப்போக வண்டியோடு.

“கடைய மூடுதியாம்லா தாயி. நீ அழுதத நானே கண்ணால பாத்தேன்.”

“அங்கன உக்காருங்க அண்ணாச்சி” என்று வத்தல் குவியலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டாள் ஷீலா. பேச்சி முந்தானையைத் தேடினாள்.

ஃபேன் சுற்றியது. மகாராஜன் தும்மினார், இருமினார், பெற்ற தாயைப் பறிகொடுத்தவர்போலக் கண்ணீர் கொட்டினார். ஷீலா செல்போனில் படம் பிடித்தபடியே கேட்டாள்:

“மதினி எந்த ஊருக்கு டூர் போயிருக்காக அண்ணாச்சி?”

“ஏ, நிப்பாட்டு தாயி! அவ வீட்லதான் இருக்கா!”

“பெறவு நீங்க ஏன் அழுதீய?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “கோட்டிக்காரப் பயலுவ!” என்று டைரக்டரை வாயார வைதார் மகாராஜன். மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தான் அழுத வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் திருவேங்கடம் முழுக்க அவரே காட்டினார். அடுத்த வாரம் கடை வாசலில் வண்டி நிற்க இடமில்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பிரவின்ராஜுக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ குடைந்தது. ஒரு சாயங்காலம் மெதுவாகக் கேட்டான்: “அப்போ, அத்தன வருசத்துல எனக்காக ஒரு தடவகூட நீ அழலியா?”

எடை போட்டுக்கொண்டிருந்த ஷீலா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க நேரம் இருந்துச்சு? சீசன் முடியட்டும். ஒரு நாள் உக்காந்து மொத்தமா அழுது தாரேன்.”

சீசன் முடிந்து, கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவும் முடிந்துவிட்டது. அவனும் இரண்டு முறை ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டான். “தாரேன், தாரேன்” என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.