சித்தப்பா பெயரில் ஒரு பாலம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு படகு கூடக் கிடையாது. ஆனால் எண்ணூர்க் கழியின் மேல் ஒரு பாலமே எங்கள் சித்தப்பா பெயரில் நின்றது. நெடுஞ்சாலைக்காகக் கட்டிய பாலம். இருபுறமும் இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பாய்மரத்தை இறக்காமலே அடியில் படகு போகிற உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டையில் செத்துப்போன சித்தப்பாவைக் கௌரவிக்கத்தான் அந்தப் பெயர். ஒன்பது வயதில் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

செத்துப்போனார் என்று சொன்னது சர்க்கார். சித்தி சொல்லவில்லை. கடலுக்குப் போனவனின் உடல் கரைக்கு வராதவரை அவன் பெண்டாட்டியின் பூவிலும் பொட்டிலும் யாரும் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். சித்தப்பாவின் உடலும் வரவில்லை. பர்மாக் காட்டில் ஏது கடல் என்று சித்தியிடம் கேட்கிற தைரியம் பெரிய வாய்க்காரிகளுக்கே இல்லை.

திறப்பு விழாவில் அவள் கையால் படத்துக்கு மாலை போடவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சித்தப்பாவின் அண்ணனான என் நைனா அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார். மாலை போட்டால் ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு வீட்டுக்கு வந்து பொட்டை அழிக்க வேண்டியதுதான். விழாவன்று சித்தி தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டாக இட்டுக்கொண்டு கிளம்பினாள். மேடையேறப் போகிறவள் சிங்காரித்துக்கொள்வது நியாயம்தானே என்று நினைத்தேன்.

பேச்செல்லாம் முடிந்ததும் ஓர் அதிகாரி மாலையோடு இறங்கி வந்து, வீரரின் சம்சாரத்தைத் தேடி எங்கள் வரிசையில் கண்ணை ஓட்டினார். பூவும் பொட்டுமாக இருந்த சித்தியைத் தாண்டிப் போய், வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்த அத்தையின் முன்னால் கைகூப்பினார். அத்தை, சித்தப்பாவுக்கு அக்கா. புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள்.

தப்பைத் திருத்த நைனா எழுந்தார். அத்தை அவரைக் கையமர்த்திவிட்டு, சித்தியின் பக்கம் குனிந்தாள்.

"நீ குந்திக்கினு இரு. நான் போட்டுட்டு வரேன்."

கூட்டம் கைதட்ட, அத்தை போய் மாலை போட்டாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, அது உன் மாலை! எழுந்து போய்ச் சொல்லேன், நீதான்னு!"

"சொம்மா இரு. உங்க சித்தப்பா நடந்து வர்றதுக்குப் பாலம் கட்டிக்கீறாங்கோ. நான் அதைப் பாக்கத்தான் வந்தேன்."

விழா முடிந்து பாலத்தின் மேல் நடந்தோம். அவ்வளவு உயரத்திலிருந்து எண்ணூரை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். சித்தி நடுவில் நின்று, வடக்கே நீண்டு போகும் சாலையையே பார்த்தாள்.

"யாரு வந்தாலும் இங்கேர்ந்து தெரியும்ல?" என்றாள். நைனா, "தெரியும்மா" என்றார்.

அத்தை மட்டும் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். தோள் குலுங்கியது. அடுத்தவள் மாலையைப் பிடுங்கிக்கொண்டவளுக்கு வெட்கமாவது இருக்கிறதே என்று நினைத்து, வீடு போய்ச் சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை. அந்த மாலையைப் போட்டபோதுதான் தன் தம்பி செத்துப்போனதை அவள் ஒப்புக்கொண்டாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?