மயிலுக்குக் கொடுத்த லைசென்ஸ்

1. கிருத்திகை அன்று

விராலிமலையில் மயில் விரட்டும் கருவிக்கு நாங்கள் டெமோ வைத்த அன்று கிருத்திகை. தெரியாமல் நடந்ததல்ல. நான் பக்கத்திலிருக்கும் ஆவூர்க்காரன். எங்கள் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிறவர்கள்தான். இருந்தாலும் விராலிமலை முருகனுக்கு என்றைக்குக் கூட்டம் என்பதை, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாததை வைத்தே சின்ன வயதில் தெரிந்துகொண்டவன். ஆனால் எங்கள் பிரிவுத் தலைவருக்கு அந்த மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ஒழிந்திருந்தது. தேதியை மாற்றலாமா சார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இளையவர்களுக்கு முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அரசு ஆய்வகம் ஒன்றில், டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் பிரிவில் இருந்தேன். விஞ்ஞானிகள் ஒரு கருவியைச் செய்வார்கள். லேபிலேயே வைத்திருந்தால் அதில் தூசிதான் படியும். வெளியே ஒரு சிறுதொழில்காரருக்கு லைசென்ஸ் கொடுத்து, செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தால், அந்த வட்டாரத்தில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். வாங்குகிறவருக்கும் உபயோகம். கொள்கை நல்ல கொள்கைதான். அதை நடத்துகிற இடத்தில் என்னைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்திருந்தோம்.

இந்தக் கருவிக்கு லைசென்ஸ் எடுத்தவர் கோமதி. விராலிமலைப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. திருச்சியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, பைபாஸ் ஓரம் ஒரு ஷெட் பிடித்து, சால்டரிங் தெரிந்த நாலு பெண்களை வைத்திருந்தார். டெமோ நன்றாக நடந்தால் கருவி வாங்குவதாக உள்ளூர் உழவர் குழு சொல்லியிருந்தது. அந்த ஷெட் நடப்பதும் நிற்பதும் அதில்தான் இருந்தது.

கடலைக் காட்டில் பந்தல் போட்டோம். நேர் எதிரே மலை. விவசாயிகள் பாதிப் பேர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு காய்ந்திருக்கவில்லை. தலைவர் பொத்தானை அமுக்கினார். கம்பத்து உச்சியிலிருந்த ஸ்பீக்கர் பருந்து மாதிரி கத்தியது, பிறகு வெடிச்சத்தம். கடலையைக் கிளறிக்கொண்டிருந்த மயில்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடின. சில பறந்து மலைப்பக்கம் போயின. கருவி அவ்வளவு அருமையாக வேலை செய்தது.

தலைவர் கை தட்டினார். நானும் தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

குழுத் தலைவர் பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மிசினு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எங்க ஊர்ல இதெ யாரு மாட்டுவா? மயிலு வந்தா கத்துவோம், மண்ணாங்கட்டிய எடுத்து எறிவோம், வாயில வந்ததெல்லாம் திட்டுவோம். அது எங்களுக்கும் அதுக்கும் உள்ள சண்டை. காசு குடுத்து மிசினு வாங்கி வச்சு முருகன் வாகனத்தை வெரட்டுனான்னு பேரு வாங்குனா, நாளைக்கி ஏ வீட்டு விசேசத்துக்கு எவன் வருவான்?"

யாரும் கோபப்படவில்லை. நாங்கள் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, வாரோம் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கோமதியின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

2. அவர் கேட்டது வேறு

கோமதி இதை முன்பே சொல்லாமல் இல்லை. லைசென்ஸ் கையெழுத்தான கொஞ்ச நாளிலேயே ஆபீசுக்கு வந்தார். அவரோடு டிப்ளமா படித்த தோழி கடலோரம் மீமிசலில் இருக்கிறாராம். அங்கே கருவாடு காயப்போடுகிற பெண்களுக்குக் காக்கைதான் பெரிய தொல்லை. காலையிலிருந்து சாயந்தரம் வரை ஒருத்தி கம்போடு வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. "மயிலு வேணாம் சார். எங்க ஊர்ல எடுபடாது. நா அங்கிட்டுக் காக்காவுக்கு வச்சுப் பாக்குறேனே" என்றார்.

லைசென்ஸில் 'விவசாயப் பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும்' என்று இருந்தது. கருவாடு பயிர் இல்லை. வேறு உபயோகத்துக்கு வைக்க வேண்டுமானால் கமிட்டிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன், அதுவும் சிரித்துக்கொண்டே. முதலில் மயிலில் ஜெயித்துக் காட்டும்மா, காக்கையை அப்புறம் பார்க்கலாம் என்றேன். உள்ளே இருந்த காரணம் வேறு. மயில் என்றால் பேப்பரில் போட்டோ வரும் என்று தலைவர் நினைத்தார். தலைவர் நினைப்பதை நினைப்பதுதான் என் உத்தியோகம் என்று நான் இருந்தேன். காக்கைக்கும் கருவாட்டுக்கும் எந்தப் பேப்பர்காரன் வருவான்?

3. வாட்ஸப்

டெமோவோடு போயிருந்தால்கூடத் தேவலை. எங்கள் ஆபீஸ் போட்டோகிராபர் வீடியோ எடுத்திருந்தார். மயில்கள் பதறி ஓட, பின்னால் மலையும் கோபுரமும் பளிச்சென்று தெரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உழவர் குழுவின் வாட்ஸப்பில் நானே போட்டேன். கருவியின் திறமையைப் பார்க்காதவர்களும் பார்க்கட்டும் என்ற நினைப்பு.

இரண்டே நாளில் சுற்றுவட்டாரம் முழுக்க அது பரவிவிட்டது. முருகன் மலைக்கு எதிரேயே மயிலை விரட்டுகிறார்கள், மிசின் செய்கிறவள் உள்ளூர்க்காரிதான் என்று யாரோ கீழே எழுதிச் சேர்த்திருந்தார்கள். ஷெட்டில் வேலை செய்த பெண்களில் இரண்டு பேரை வீட்டில் அனுப்பவில்லை. அடுத்த வாரம் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள்.

நான் போனபோது கோமதி மட்டும் இருந்தார். மேசைமேல் பாதி முடிந்த போர்டுகள் அப்படியே கிடந்தன. "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கி வரப் போனவரைத் தடுத்தேன், கேட்கவில்லை. ஒரு குறையும் சொல்லவில்லை. என் மகள் வயதுப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அவள் காசிலேயே டீ குடிக்கிறேனே என்று உடம்பு கூசியது.

ஆபீசுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காக்கைக்கும் லைசென்ஸை விரிவாக்கலாம் என்று நோட் போட்டேன். கமிட்டி கூடியது. மீன் நம் துறையில் வராதே என்றார் ஒருவர். காக்கையை வைத்துச் சோதித்த டேட்டா எங்கே என்றார் இன்னொருவர். சோதிக்க அனுமதி கேட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கும் தள்ளினார்கள்.

4. மீமிசல்

டேட்டா இல்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிடலாம் என்று, காக்கைத் தொல்லை பற்றி விசாரித்துவர மீமிசலுக்குப் பஸ் ஏறினேன். ஆவுடையார்கோவில் தாண்டும்போதே உப்புக்காற்று வந்துவிட்டது. கரையில் மீன் காயும் இடத்துக்கு நடந்தேன். விசாரிக்க வேலையே இருக்கவில்லை. நெத்திலி பரப்பிய வலைகளுக்கு நடுவே ஒரு கம்பம். உச்சியில் எங்கள் கருவி. எங்கள் ஆய்வகத்தின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

பருந்துச் சத்தம் கேட்டது. காக்கைகள் தூரத்துத் தென்னைகளில் உட்கார்ந்துகொண்டு கத்தின, கீழே இறங்கவில்லை. நிழலில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கோமதிப் புள்ள வச்சுக் குடுத்தது, இப்ப யாரும் வெயிலில் நிக்கிறதில்லை என்றார். அதுபோல இன்னும் பல இடங்களில் கேட்டிருக்கிறார்களாம். காக்கைக்குச் சத்தம் பழகிப்போகாமலிருக்க கோமதி அவ்வப்போது வந்து அதை மாற்றி வைத்துவிட்டுப் போகிறாராம்.

அனுமதி இல்லாத உபயோகம். கண்ணால் பார்த்துவிட்டால் நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதினால் லைசென்ஸ் ரத்து. விதி அதுதான்.

அந்த நேரத்தில் கோமதியே டூல்ஸ் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. பையை மணலில் வைத்தார்.

"சார், எழுதிருவீங்களா?" என்றார். "ரெண்டு புள்ளைக மறுபடி வேலைக்கி வந்துட்டாங்க சார்."

பணிக்காலத்தில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கும் இப்படிக் குறுகியதில்லை. என்னைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டியவள் அவள். அவளே என்னைக் கண்டு பயந்துகொண்டு நிற்கிறாள். இந்த வட்டாரத்துக்கு வளர்ச்சி கொண்டுவரச் சம்பளம் வாங்குகிறவன் நான். வளர்ச்சி என்னைக் கண்டதும் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டு ஒளிகிறது.

"எழுதத்தான்மா போறேன். நான்தான் வைக்கச் சொன்னேன்னு எழுதப் போறேன்" என்றேன்.

அப்படியே எழுதினேன். மீமிசலில் நடப்பது கள ஆய்வு, என் வாய்மொழி அனுமதியில் நடக்கிறது என்று. அதற்கு ஒரு மெமோ வந்தது. ரிட்டையர் ஆகப் போகிறவனை மெமோ என்ன செய்யும்? அதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் டேட்டா கேட்ட கமிட்டிக்கு இப்போது டேட்டா இருந்தது. கரையில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்தார்கள்.

5. விழா

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த ஆய்வகத்தின் ஆண்டு விழாவில் மீமிசல் கரையின் பெரிய போட்டோ வைத்திருந்தார்கள். புதிய ஸ்டிக்கர் ஒட்டிய கருவிகள். கடலோர மக்களின் தேவையை முன்கூட்டியே உணர்ந்து ஆய்வகம் செயல்பட்டது என்று தலைவர் பேசினார். எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். அதைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். கோமதியை மேடைக்கு அழைத்தார்கள். ஆய்வகம் இல்லாவிட்டால் இந்த முன்னேற்றம் இல்லை என்று அவர் பேசினார். என் பெயரையும் சொல்லி நன்றி கூறினார். மயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கருவி ஓடுமா என்று லேபில் பார்த்துவிடலாம். அந்த ஊரில் நாலு பேர் பார்க்க அதை ஒருவர் மாட்டிவைக்க முடியுமா என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். அவர் வந்து சொல்லும்போது, விதியை விளக்குவதற்கு முன் அவரை முழுசாகப் பேச விடுங்கள். நான் விடவில்லை.

விழா முடிந்து வாசலில் கோமதியைப் பிடித்தேன். உள்ளே அப்படிப் புகழ்ந்திருக்க வேண்டாமே, நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லலாம் சார்" என்றார். "அடுத்த வருசம் லைசென்ஸ் ரென்யூவலுக்கு நா இங்கதானே வரணும்?"